நெத்திலித் தலையும் அரவான் கதையும்

அம்மாடி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய செய்தியை அம்மா இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். "அப்பா, இங்க பெர்த்ல பொடியனோட பள்ளியில தீபாவளியப் பத்திப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. அஞ்சு நிமிஷம்தான். ஒரு கதை எழுதி அனுப்புங்க, நான் இங்கிலீஷ்ல மாத்திக்கிறேன்." அஞ்சு நிமிஷக் கதைதானே என்று பேனாவை எடுத்தேன். நாலு நாள் ஆகிவிட்டது. கதை வரவில்லை, இந்தக் கடிதம்தான் வருகிறது. பொறுத்துக்கொண்டு படி.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது இங்கே சிங்கப்பூரில் உன் பள்ளியிலும் இதே மாதிரி என்னைக் கூப்பிட்டார்கள். உனக்கு மறந்துபோயிருந்தால் நல்லதுதான். காலை ஷிப்டை இன்னொருவரிடம் மாற்றிக்கொண்டு, பஸ் டிரைவரான நான் வேட்டி சட்டையில் வந்து நின்றேன். கையில் ஓர் அட்டை. நரகாசுரன் கெட்டவன், கிருஷ்ணரும் சத்யபாமாவும் போரிட்டு அழித்தார்கள், அவன் அம்மா பூமாதேவி இந்த நாளை எல்லாரும் விளக்கேற்றிக் கொண்டாடணும்னு கேட்டார், நன்றி, வணக்கம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. டீச்சர் கண்ணைக் காட்டியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு மலாய்ப் பையன் மட்டும் கையைத் தூக்கினான். "அங்கிள், அவங்க அம்மா அழலையா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன். அன்று மாலை பஸ் ஓட்டும்போது சிராங்கூன் சாலை முழுக்கத் தீபாவளி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அவன் கேட்டிருந்தான். கதை சொல்ல வந்தவன் நான் ஓடிவிட்டேன்.

என் அம்மாவாக இருந்தால் ஓடியிருக்க மாட்டாள். உன் அப்பாயியை நீ அவளுக்கு வயதான பிறகுதான் பார்த்திருக்கிறாய், ஹாலில் தமிழ் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு தூங்குகிறவளாக. நாங்கள் தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பில் இருந்தபோது அவள் வேறு ஆள். மத்தியானம் வேலை முடிந்ததும் படிக்கட்டில் பழைய தமிழ் முரசு பேப்பரை விரித்து, ஒரு கட்டி (அறுநூறு கிராம் அளவு) உலர்ந்த நெத்திலியைக் கொட்டிக்கொண்டு உட்காருவாள். தலையைக் கிள்ளி ஒரு பக்கம், உடம்பை ஒரு பக்கம். கிள்ளுகிற சத்தம் 'டிக், டிக்' என்று கேட்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாங்கள் ஏழெட்டுப் பேர் கீழ்ப்படியில். உதவிக்கு வந்தவன் கதை கேட்கலாம், கதை மட்டும் கேட்க வந்தவன் போகலாம். அதுதான் அவள் சட்டம்.

அரவான் கதையை அவள் அங்கேதான் சொன்னாள். பாரதப் போரில் வெல்ல வேண்டுமானால் சாமுத்திரிகா லட்சணம் முப்பத்திரண்டும் உள்ள ஒருவனைக் காளிக்குக் களப்பலி கொடுக்க வேண்டும். துரியோதனன் நாள் குறிக்கச் சகாதேவனிடமே போகிறான். பகைவன் வந்து கேட்டாலும் பொய்யான நாள் சொல்லத் தெரியாத பிள்ளை சகாதேவன். அமாவாசை என்று சொல்லிவிடுகிறான். அரவானும், அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன், கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லாமல் அன்றைக்கு வருகிறேன் என்கிறான். இங்கே வந்ததும் அப்பாயி நிறுத்திவிட்டு நெத்திலியைப் பொறுக்குவாள். நாங்கள் வாயைத் திறந்தபடி இருப்போம். "அப்புறம் ஆயா?" என்று யாராவது கேட்ட பிறகுதான் கிருஷ்ணர் வருவார்.

கிருஷ்ணர் என்ன செய்தார் தெரியுமா? அமாவாசைக்கு முந்தின நாளே ஆற்றங்கரையில் உட்கார்ந்து தர்ப்பணம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஒரே குழப்பம். நாளைக்குத்தானே அமாவாசை, இவர் ஏன் இன்றைக்கே எள்ளும் தண்ணியும் இறைக்கிறார் என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்க வருகிறார்கள். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா சேர்ற நாள்தானே அமாவாசை? இதோ சேர்ந்து நிக்கிறீங்களே!" அவ்வளவுதான், அன்றைக்கே அமாவாசை ஆகிவிட்டது, பலியும் பாண்டவர் பக்கம் போய்விட்டது. கிழிக்கிற நாள்காட்டியில் சில மாதம் 'போதாயன அமாவாசை' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். அதைக் காட்டி, "பாத்தியா, கிருஷ்ணர் பண்ணின வேலை" என்பாள். என் வயசுக்கும் அந்த இடத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். அப்புறம் வருவதற்குச் சிரிக்க முடியாது என்பதால்தான் அவள் அங்கே அவ்வளவு சிரிக்கவைத்தாள் என்று நினைக்கிறேன்.

பலியாகும் முன் அரவான் ஒரு வரம் கேட்டான். போர் முடியும்வரை என் கண் எல்லாத்தையும் பார்க்கணும். தலையை உயரத்தில் வைத்தார்கள். பதினெட்டு நாளும் அது பார்த்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லும்போது அப்பாயியின் கை நிற்காது. டிக். எங்கள் முன்னால் பேப்பர் மேல் நூறு நெத்திலித் தலைகள், கண்ணை மூடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அன்று இரவு நெத்திலிச் சம்பலை யாரும் தொடவில்லை. சரி, நான் தொட்டேன்.

(ஒரு வேடிக்கை. புரட்டாசி பிறந்ததும் வீட்டில் மீன் வாடையே இருக்காது, தீமிதி முடியும்வரை விரதம். ஆகவே தீமிதிக்கு உரிய கதை எங்கள் வீட்டில் தீமிதிச் சமயத்தில் மட்டும் வராது!)

உன்னை முதல் தடவை தீமிதிக்குக் கூட்டிப்போனபோது உனக்கு ஏழு வயது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில்வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர். கரகம் முன்னால் போக, மஞ்சள் துணியும் வேப்பிலையுமாய் ஆண்கள் கூட்டம் கூட்டமாய். தோளில் உட்கார்ந்து நீ கேட்டது நெருப்பைப் பற்றி இல்லை. "கடைசியில ஏன் பால் ஊத்தி வச்சிருக்காங்க?" பூக்குழியைத் தாண்டினதும் காலை வைக்கிற பால்குழி உன் கண்ணில் பட்டிருக்கிறது. எல்லாரும் நெருப்பைப் பார்க்கும்போது பாலைப் பார்த்தவள் நீ. உன் பிள்ளையும் அப்படித்தான் கேட்பான், தயாராக இரு.

அந்தக் கோவிலின் கதையையும் அவனுக்கு எப்போதாவது சொல். 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்த நாராயண பிள்ளை 1827-இல் அதை எழுப்பியபோது அது மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும்தான். கோபுரமெல்லாம் பிறகு. உள்ளே அரவானுக்கும் ஒரு சன்னதி உண்டு. அடுத்த தடவை வரும்போது காட்டுகிறேன், போன தடவை நீங்கள் மூன்று பேரும் நேரே பிரியாணிக் கடைக்குப் போய்விட்டீர்கள். கூவாகத்தில் இதே அரவானுக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிறார்கள். அந்தப் பகுதியை அப்பாயி ஒரு நாளும் சொன்னதில்லை. தெரியாதா, சொல்ல விரும்பவில்லையா? கேட்காமல் விட்டுவிட்டேன்.

நரகாசுரனுக்கு வருகிறேன். உன் பள்ளியில் நடந்ததை நான் அப்பாயியிடம் அன்று இரவே சொன்னேன். அவளுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அழாமயா இருப்பா? தாய் கையாலதான் சாவுன்னு வரம். பூமாதேவியே சத்யபாமாவா வந்து, பெத்தவளே கொன்னுட்டா. அதான் எண்ணெய், சீயக்கா எல்லாம் வச்சா. சீயக்கா கண்ணுல பட்டா ஊரே அழும். அன்னிக்கு யார் கண்ணு சிவந்திருந்தாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

எந்தப் புராணத்திலும் இது கிடையாது. அவளாகச் சொன்னது.

உனக்கு இன்னொன்றும் தெரியாது. எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார், எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டார். தீபாவளிக்கு முன்னோர் படையலில் தாத்தாவின் வேட்டி, ஆயாவின் புடவையோடு ஒரு சின்னச் சட்டையும் இருக்கும். எட்டு வயதுப் பையன் அளவு, வருஷா வருஷம் அதே அளவு. காலரில் மஞ்சள் தடவி இலையின் ஓரத்தில் வைப்பாள். சாமி கும்பிட்டதும் அது எனக்கு. ஐந்து வயதில் முழங்கால்வரை தொங்கியது. எட்டில் கச்சிதமாக இருந்தது, அந்த வருஷம் அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பத்தில் பொத்தான் போட முடியவில்லை. "எனக்குப் பத்தலம்மா" என்றேன். அடுத்த வருஷத்திலிருந்து சட்டையைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தாள். காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை, அவளும் சொல்லவில்லை.

சரி, உன் அஞ்சு நிமிஷத்துக்கு வருவோம். 'தீமையை நன்மை வென்றது' என்று மட்டும் ஆரம்பிக்காதே. அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பிள்ளைகளின் கண்ணில் கதவு சாத்திக்கொள்ளும், நான் நேரில் பார்த்தவன். எண்ணெயில் ஆரம்பி. விடியும் முன்னே உன்னை எழுப்பி மணையில் உட்காரவைத்து, தலையில் வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் ஊற்றினால் எப்படி இருக்கும்? ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுபோ, மணம் பிடிக்கட்டும். பெர்த்துக்கும் நமக்கும் மணி ஒன்றுதான், விடியல் வேறு. இங்கே ஆறே முக்காலுக்குத்தான் வெளுக்கும். உங்களுக்கு அந்த மாதம் ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. நாலரைக்காவது எழுப்பு, பாவம்.

பட்டாசு பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல். இங்கே 1972-லேயே தடை வந்துவிட்டது, நீ வளர்ந்தது கம்பி மத்தாப்பில். வகுப்பில் பஞ்சாபிப் பிள்ளை இருந்தால் அதற்கு இன்னொரு கதை தெரிந்திருக்கும், குரு ஹர்கோபிந்த் 52 சிற்றரசர்களையும் அழைத்துக்கொண்டு குவாலியர் கோட்டையிலிருந்து வெளியே வந்தது. வடநாட்டுப் பிள்ளை இராமர் அயோத்தி திரும்பியதைச் சொல்லும், அதுவும் அமாவாசை இரவில். உன்னுடையதுதான் சரி என்று வாதாடாதே. உன் பாட்டி சொன்னது இது என்று சொல், போதும். இங்கிலீஷில் மாற்றும்போது சீயக்காய்க்கு வார்த்தை தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே. சீயக்காய் என்றே சொல்லி, கண் எரியும் என்று சொல்.

கடைசி ஒரு நிமிடத்தைக் காலியாக விடு. யாராவது கையைத் தூக்குவார்கள். கடிகாரத்தைப் பார்க்காதே.

பொடியனுக்கு ஆறு வயதில் அரவான் கதை வேண்டாம் என்று அம்மா சண்டை போடுகிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டேனே! போன சனிக்கிழமை வீடியோவில் சூரியனும் சந்திரனும் ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிற இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். அவன் போனை வைக்காமல், "அவங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்தா ஊர்ல யாரு வெளிச்சம் போடுவா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன், ஓடவில்லை, தவணைதான் வாங்கியிருக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை ஏழரைக்குக் கூப்பிடு. தேக்கா சந்தையில் நெத்திலி வாங்கி வைத்திருக்கிறேன், கேமராவுக்கு முன்னால் கிள்ளப் போகிறேன். நீயும் பக்கத்தில் இருந்தால் வாயைத் திறக்காதே, முடிவு உனக்குத் தெரியும்.

அப்பா