நான்காம் எண்ணில் மட்டும் காற்று வந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் மலைப்பாதையில் கார் ஓட்டுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளைப் படித்தேன். டயர், பிரேக், வைப்பர், பனி விளக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள். முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிவதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. உதகையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் பக்கம் மழையும் மூட்டமும் சேர்ந்துகொண்டால், எங்களிடம் வரும் பாதிப் புகார் அதுதான்.

ஆவியைப் போக்க ஹீட்டரும் ஏசியும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அதைச் சூடாக்கும். இரண்டுக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே புளோயர். அதன் வேக ஸ்விட்சில் 1 முதல் 4 வரை எண்கள் இருக்கும். அது 1, 2, 3-ல் ஓடாமல் 4-ல் மட்டும் புயல் மாதிரி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரைச்சலில் யாரும் பத்து நிமிடம் உட்கார மாட்டார்கள், அணைத்துவிடுவார்கள். அடுத்த வளைவில் கண்ணாடி வெளுத்துவிடும். அப்புறம் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் துணி.

சென்ற மாதம் குன்னூரிலிருந்து ஓர் ஆசிரியை இதே புகாரோடு பழைய சின்னக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் புளோயர் மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பல ஆயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 4-ல் முழு வேகத்தில் ஓடுகிற மோட்டார் எப்படிப் போயிருக்கும்? யாருமே அவரிடம் அதைச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். சாதாரண திருகு ஸ்விட்ச் உள்ள கார்களில் 4-ல் வைத்தால் பேட்டரி கரண்ட் நேராக மோட்டாருக்குப் போகும். 1, 2, 3-ல் வைத்தால் ரெசிஸ்டர் என்ற ஒரு சின்ன பாகத்தின் வழியாகப் போகும். அதில் வரிசையாகக் கம்பிச் சுருள்கள் இருக்கும். 1-ல் எல்லாச் சுருள்களும் குறுக்கே வரும், 2-ல் கொஞ்சம் குறையும், 3-ல் இன்னும் குறையும். பல வண்டிகளில் அதோடு, சூடு மிஞ்சினால் அறுந்து கரண்டை நிறுத்தும் வெப்ப ஃபியூஸ் ஒன்றும் இருக்கும். அது அறுந்தால் மூன்று வேகமும் ஒரே நாளில் போய்விடும், 4 மட்டும் மிஞ்சும். கோளாறே தன் பெயரைச் சொல்லிவிடுகிறது. மாறாக 4 மட்டும் வராவிட்டால் ஸ்விட்சையோ ரிலேயையோ பாருங்கள். எதிலுமே ஓடாவிட்டால் ஃபியூஸ், எர்த், கடைசியில் மோட்டார். மோட்டாரை ஸ்குரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

ரெசிஸ்டர் பெரும்பாலும் இடதுபக்க கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், காற்றுக் குழாயிலேயே செருகியிருக்கும். இரண்டு ஸ்குரூ, ஒயர்களைச் செருகும் ஒரு கப்ளர், அவ்வளவுதான். சாவியை அணைத்துவிட்டுக் கழற்றி மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தால், முனைகளுக்கு நடுவே சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. பழையதைக் கையோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கொண்டுபோய்ப் பின்களை ஒப்பிட்டு வாங்குங்கள். பெரும்பாலான சின்ன கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

அந்த ஆசிரியையின் காரில் நான் கழற்றியதில் கப்ளரின் ஒரு மூலை காப்பி நிறத்தில் உருகியிருந்தது. வெப்ப ஃபியூஸ் இருந்த இடத்தில் யாரோ ஒரு செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். பழைய காராக வாங்கியதால் அவருக்கு அது தெரியாது. கடைசியில் சுருளே எரிந்து அறுந்ததால்தான் வேகங்கள் போயிருக்கின்றன, அதுவரைக்கும் நல்ல நேரம்.

காற்றுக் குழாயில் இதை வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. 2 ஓம் சுருளில் 4 ஆம்பியர் ஓடினால் 32 வாட் சூடு. எங்கள் கடையின் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். புளோயர் அடிக்கிற காற்றுதான் அந்தச் சூட்டை எடுத்துப்போகிறது. ஏசி ஃபில்டர் அடைத்தாலும், வைப்பருக்குக் கீழே விழுந்த யூகலிப்டஸ் இலையும் சைப்ரஸ் சருகும் உள்ளே போய்க் காற்றைத் தடுத்தாலும் சூடு ஏறும். மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் இறுகிக் கூடுதல் கரண்ட் இழுத்தாலும் அதேதான். அப்போது வெட்டிவிடத்தான் ஃபியூஸ். அதைக் கம்பியால் இணைத்துவிட்டால் காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

2015-ல் பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஜாஃபிரா பி கார்கள் தீப்பிடித்த செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. ரெசிஸ்டரின் வெப்ப ஃபியூஸைத் தவறாகப் பழுதுபார்த்ததுதான் காரணம் என்று முதலில் சொன்னது. 2016-ல் மறுபடியும் அழைத்தபோது, புளோயர் மோட்டாரையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருந்தது. ரெசிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பும் பட்டறைக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். புதியதைப் போட்டதும் கிளாம்ப் மீட்டரை வைத்து மோட்டார் இழுக்கும் கரண்டையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புதியதும் சீக்கிரமே எரிந்து, அதே வண்டி அதே புகாரோடு திரும்பி வரும். கப்ளர் உருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். உருகிய கப்ளரில் புது ரெசிஸ்டரைச் செருகுவது காசைத் தண்ணீரில் போடுவது.

தானாக வெப்பநிலை பார்த்துக்கொள்ளும் ஏசி உள்ள கார்களில் பெரும்பாலும் இந்தச் சுருள் ரெசிஸ்டர் இருக்காது. அங்கே ஒரு எலக்ட்ரானிக் மாடியூல் வேலை செய்யும், கோளாறும் வேறு மாதிரி வரும். அதற்கு நான் சொன்ன அடையாளம் பொருந்தாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எஸ்டிமேட்டில் புளோயர் மோட்டார் என்று பார்த்தால், 4-ல் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதை வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்தது நீங்கள், அது உங்களுடையது. அதில் செம்புக் கம்பி ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
உதகமண்டலம்.