எழுதத் தெரிந்தவர்களையும் நிவாரண வேலைக்குக் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இது நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். நான் டெக்னிக்கல் ரைட்டர், அதாவது பம்பு, மீட்டர், மென்பொருள் இவற்றுக்கெல்லாம் பயன்பாட்டுக் கையேடு எழுதுகிற வேலை. வெள்ள நேரத்தில் இந்த வேலைக்கு என்ன பயன் என்று 2023 டிசம்பர் வரை நான் யோசித்ததே இல்லை.

அந்த மாதம் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் கொட்டியதே, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ., அப்போது மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பொருள் சேர்த்து வேனில் அனுப்பினார்கள். நானும் பை கட்டப் போனேன். அரிசி, பிஸ்கட், போர்வையோடு தண்ணீரைச் சுத்தப்படுத்தும் குளோரின் மாத்திரை அட்டையும், வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். உப்புத்தூள் பாக்கெட்டும் ஒவ்வொரு பையிலும் போட்டோம். மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இங்கிலீஷ். கூட இருந்த ஒரு அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காய்ச்சலுக்காம்மா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, ஏனென்றால் முதல் வேன் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது.

உடனே உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினேன். "20 லிட்டருக்கு ஒரு மாத்திரை" என்று எழுதி அந்த அம்மாவிடமே கொடுத்தால், "எங்க வீட்டுக் குடம் எத்தனை லிட்டர்னு யாரு கண்டா?" என்று கேட்டார். சரியான கேள்வி. "வாட்டர் கேன் நிறையத் தண்ணீருக்கு ஒரு மாத்திரை, போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கவும்" என்று மாற்றி, "விழுங்கக் கூடாது" என்பதைத் தூக்கி முதல் வரியில் பெரிதாக வைத்தேன். ஓ.ஆர்.எஸ்.ஸும் அப்படித்தான், நாங்கள் வைத்த பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும், ஒரு டம்ளரில் மொத்தத்தையும் கொட்டிக் கலக்கிக் கொடுத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்து. அப்புறம் ஜெராக்ஸ் எடுத்து மீதிப் பைகளில் வைத்தோம்.

மறு வருஷம் அக்டோபரில் நம் மதுரைச் செல்லூரிலேயே வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. வடிந்த கையோடு ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் போட்டுப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். எலக்ட்ரீசியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள் என்று அன்றைக்குச் சொல்ல ஒரு துண்டுச்சீட்டு இல்லை.

வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காக்களில் என்னை மாதிரி வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். மழைக்காலத்துக்கு முன்பு மாவட்ட நிர்வாகம் தன்னார்வலர் பட்டியல் எடுக்கும்போது எங்களையும் அதில் சேர்க்க வேண்டும். மழை வந்த பிறகு அவசரத்தில் எழுதினால் தப்பு வரும். மாத்திரை, ஓ.ஆர்.எஸ்., மின்சாரம் மூன்றுக்கும் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். சுகாதாரத் துறையில் ஒருவரும் மின்வாரியத்தில் ஒருவரும் படித்துத் திருத்திக் கொடுத்தால் போதும், எந்த நாள் கூப்பிட்டாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை