ஸ்கேனுக்கு முன் எங்களுக்கு மூச்சைப் பழக்குங்கள்

கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறைகளின் தலைமை மருத்துவர்களுக்கும், மருத்துவ இயற்பியலாளர்களுக்கும், கருவியை இயக்கும் பணியாளர்களுக்கும்,

வணக்கம்.

"சாதாரணமாக மூச்சு விடுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. கனத்த கதவு மூடிய அறையில், கைகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, அசையக் கூடாது என்ற கட்டளையோடு தனியாகக் கிடப்பவனுக்குச் சாதாரண மூச்சு எங்கிருந்து வரும்? சொன்ன மறுகணமே மூச்சு நினைவுக்கு வந்துவிடுகிறது. நினைவுக்கு வந்த மூச்சு சாதாரணமாக இருப்பதில்லை.

எனக்குக் கட்டி இருந்தது நுரையீரலின் கீழ்மடலில். மேல்மடலில் உள்ள கட்டிகள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் அசையும். உதரவிதானத்தை ஒட்டிய கட்டியோ ஒவ்வொரு மூச்சுக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கலாம். அசைவு 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதைச் சமாளிக்க வழி செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 76ஆம் பணிக்குழு 2006இலேயே பரிந்துரைத்தது. இதெல்லாம் உங்களுக்குப் பாடம். எனக்கோ, சிகிச்சை பாதி கடந்த பிறகு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட சங்கதி.

சிகிச்சையைத் திட்டமிட, கட்டி மூச்சோடு அசைவதையும் சேர்த்துப் பதியும் நான்கு பரிமாண சி.டி. ஸ்கேன் எடுப்பீர்கள். என் முதல் ஸ்கேன் வீணாயிற்று. ஏன் என்று அன்று யாரும் சொல்லவில்லை. மூச்சின் ஒரு சுற்றைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்து, வெவ்வேறு மூச்சுகளில் எடுத்த படங்களை ஒட்டித்தான் அந்த ஸ்கேனை உருவாக்குகிறீர்கள். ஒரு மூச்சு அடுத்த மூச்சைப் போல இருந்தால்தான் ஒட்டு சரியாக விழும். என் மூச்சு அப்படி இல்லை. உதரவிதானம் படிக்கட்டுபோல வெட்டுப்பட்டுத் தெரிந்ததாம். அந்தப் படத்தை நம்பிக் கதிர் பாய வேண்டிய எல்லையை வரைந்தால், கட்டியின் ஓரம் விட்டுப்போகலாம். இல்லையேல் நல்ல நுரையீரல் வீணாக வேகலாம். சில தவணைகளிலேயே பெரிய அளவு கதிரைக் கொடுத்து முடிக்கும் சிகிச்சையில் இது சின்ன விஷயமா?

பிறகு என் மூச்சைத் தொடர, வயிற்றின் மேல் ஒரு சிறு பெட்டியை வைத்து, அகச்சிவப்புக் கேமராவால் அதைக் கண்காணித்தீர்கள். என் தொப்பையை இத்தனை அக்கறையாக யாரும் பார்த்ததில்லை. ஆனால் கேமரா பார்ப்பது வயிற்றை, கட்டியை அல்ல. வயிறு எழுந்த பிறகு கட்டி சற்றுத் தாமதமாக நகரலாம். உள்ளிழுக்கும்போது ஒரு பாதையிலும் வெளிவிடும்போது வேறொரு பாதையிலும் போகலாம். படுத்திருக்கும் உடம்பு தளரத் தளர, கட்டி நிலைகொள்ளும் இடமே மெல்ல மாறலாம். இதனால்தான் 1990களின் இறுதியில் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில், கட்டியருகே சிறு தங்கக் குண்டைப் பதித்து, நொடிக்கு 30 முறை எக்ஸ்ரேயில் அதைப் பார்த்து, அது உரிய இடத்துக்கு வரும்போது மட்டும் கதிரைப் பாய்ச்சினார்கள். அதற்காக நுரையீரலில் ஊசி நுழைத்தால் காற்றுக் கசிவு வரும் அபாயம் உண்டு. கட்டியைத் துரத்திக்கொண்டே கதிர் பாய்ச்சும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் கருவி நகரவும் ஒரு கணம் பிடிக்கும். ஆகவே அடுத்த மூச்சை முன்கூட்டியே ஊகித்துத்தான் அது ஓடுகிறது. மூச்சு தடுமாறினால் ஊகமும் தடுமாறும்.

என்ன கருவி வாங்கினாலும் கடைசியில் எல்லாம் எங்கள் மூச்சின் ஒழுங்கில்தான் வந்து நிற்கிறது. அந்த மூச்சுக்கு மட்டும் ஒத்திகையே கிடையாது.

எனக்கு மூச்சின் ஒரு கட்டத்தில் மட்டும் கதிரைத் திறக்கும் முறை. கருவியின் சத்தம் விட்டு விட்டு வந்தது. ஒருமுறை பெருமூச்சு விட்டேன்; சத்தம் நின்றது. எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து, பாதி மூச்சிலேயே அடக்கிக்கொண்டேன். நான் அடக்க அடக்க, கருவியும் மௌனமாகவே இருந்தது. எல்லை மீறினால் கதிர் தானே நிற்கும், மூச்சு திரும்பியதும் தானே தொடரும் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது, திட்டமிடும் ஸ்கேனுக்கு முன் ஓர் அரைமணி நேரம். மூச்சின் ஏற்ற இறக்கத்தை அலைக்கோடாக எங்களுக்குத் திரையில் காட்டுங்கள். பின்னாளில் ஒரு பணியாளர் எனக்குக் காட்டினார். சில நிமிடங்களில் என் அலை சீரானது. எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். "இழுங்கள், விடுங்கள்" என்ற குரலே சிலருக்கு இடைஞ்சல். மூச்சை அடக்கச் சொல்லிக் கதிர் பாய்ச்சும் முறையும் உண்டு; நுரையீரல் நலிந்தவருக்கு இருபது நொடி மூச்சடக்குவது மலையேற்றம். யாருக்கு எது ஒத்துவரும் என்பதை ஸ்கேனுக்கு முன்பே பார்த்து முடிவு செய்யுங்கள். ஸ்கேனில் பழகிய மூச்சையே சிகிச்சையிலும் கேளுங்கள். கட்டி எத்தனை மில்லிமீட்டர் அசைகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். எண்ணைக் கேட்டு நாங்கள் பயந்துவிட மாட்டோம்.

ஒலிபெருக்கியில் சொல்லும் வாக்கியத்தையும் மாற்றலாம். "இருமல் வந்தால் இருமுங்கள், நாங்கள் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்" என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மேசையில் படுத்து எழுந்த ஒரு நோயாளி