திண்ணையை விட்டுவைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிருஷ்ணகிரி பழையபேட்டை மக்களுக்கும், எங்கள் வீட்டு வேலையில் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

கோட்டை மலையைப் பார்த்து நிற்கும் எங்கள் பாட்டனார் வீடு, இருபக்கத் திண்ணைகளும் 6 கல்தூண்களும் நிலைவாசலும் இருந்தபடியே இருக்க, 14 மாத வேலைக்குப் பிறகு சென்ற தை மாதம் மூன்று கடைகளோடு மீண்டும் திறக்கப்பட்டது. அன்று வந்தவர்களில் பலர் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேரவேண்டிய இடங்கள் வேறு என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

மறைக்காமல் சொல்வதானால், இந்த வீட்டை இடித்துக் கட்ட முதலில் வரைபடம் போடச் சொன்னவன் நானே. 44, 48, 77, 42 என நான்கு தேசிய நெடுஞ்சாலைகள் வந்து சேரும் ஊர் இது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகரான பிறகு கடைக்கு ஏற்ற மனையின் மதிப்பு என்னவாயிற்று என்பதை, நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வீட்டில் நால்வருக்குப் பங்கு இருந்தது. வாடகைக்குக் கேட்டு வந்த ஒரு பெரிய விற்பனை நிறுவனம், திண்ணைகளை அகற்றி வண்டி நிறுத்த இடம் விட்டு, முகப்பு முழுவதையும் கண்ணாடியாலும் அலுமினியத் தகட்டாலும் மூடித் தந்தால் நல்ல தொகை தருவதாகச் சொன்னது. பார்க்க வந்த பொறியாளர், மெட்ராஸ் டெரஸ் தளத்தின் (மர விட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு போட்ட பழைய மேல்தளம்) ஆயுள் முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கையெழுத்திட மறுத்தவள் என் தங்கை. அவள் பழமையின் பெயரால் வாதாடவில்லை. "பேட்டை என்றாலே சந்தை கூடும் ஊர்தானே அண்ணா, தாத்தா ராகியும் புளியும் இந்தத் திண்ணையில் வைத்துத்தானே விற்றார்? கடை வைப்பதற்கென்றே கட்டிய வீட்டைக் கடை வைப்பதற்காக ஏன் இடிக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி எங்கள் ஊரை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்கு வந்ததையும், அதன் அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இப்பகுதியை வயல் வயலாக அளந்ததிலிருந்துதான் உழவரிடமே அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வளர்ந்தது என்பதையும் பணிக்காலத்தில் இளையவர்களுக்குப் பெருமையோடு சொல்லிவந்தவன் நான். அளந்த மண்ணின் வரலாறு தெரிந்த எனக்கு, அதன்மேல் நிற்கும் வீடு எதற்காக அப்படிக் கட்டப்பட்டது என்பதைத் தங்கை சொல்லித்தர வேண்டியிருந்தது. அவளுக்கும், அவள் பேச்சைக் கேட்டுக் குறைந்த வாடகைக்கு உடன்பட்ட தம்பிகள் இருவருக்கும் என் முதல் நன்றி.

அடுத்து, ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்த கொத்தனாருக்கு. எழுபதைக் கடந்த அவர் முதல் நாள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கெட்டது பழைய சுவர் அல்ல, முப்பது ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் பூசிய சிமெண்டுதான் என்றார். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தை வெளியே விட்டு உலர்ந்துகொள்ளும்; சிமெண்டுப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்ததால்தான் உப்புப் பூத்துப் பாளம் பாளமாகக் கழன்றிருந்தது. (அந்தச் சிமெண்டைப் பூசச் சொன்னவனும் நானே.) நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் நீர் மூட வாரக்கணக்கில் கிடத்தி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு அரைத்து, அதைக் கொண்டே சுவர் முழுவதையும் மீண்டும் பூசினார். தளத்திலும் நோய் பரவலாக இல்லை: 19 தேக்கு விட்டங்களில் 4இன் நுனிகள் மட்டும் சுவருக்குள் இற்றுப்போயிருந்தன. ஆசாரி அந்த நுனிகளை அறுத்துப் புது மரத்தைச் சேர்த்தார். அவற்றின் மேல் மெல்லிய தளக்கற்களை (சூளையில் சுட்ட சிறு செங்கற்கள்) குறுக்குச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, ஆறு பெண்கள் வரிசையாக அமர்ந்து கடுக்காய் நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்தார்கள். அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். சென்ற ஐப்பசி மழையில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

அந்த மெல்லிய தளக்கற்களை இன்று எந்தச் சூளையிலும் கேட்டு வாங்க முடியவில்லை. எங்களுக்கு அவை கிடைத்தது எதிர்வரிசையில் இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து. தம் வீட்டை இடித்துவிட்டு எங்களுக்குக் கல் கொடுத்தவரைப் பற்றித் தெருவில் சிலர் குறைவாகப் பேசுவது என் காதுக்கு வந்தது. அவருக்கு மகளின் திருமணக் கடன் இருந்தது, எங்களைப் போல் பொறுத்திருக்க வசதி இல்லை. ஆயிரக்கணக்கான கற்களையும் இரண்டு கல்தூண்களையும் விலை வாங்காமல் வண்டியேற்றி அனுப்பியவர் அவர். எந்திரத்தில் அறுத்து மெருகேற்றிய கிரானைட் பலகைகளைக் கடல் கடந்து அனுப்பும் மாவட்டம் இது. அதே பாறையைக் கையுளியால் கொத்தி நிறுத்திய தூண்கள் மண் நிரப்பும் குழிக்குப் போகாமல் தப்பியதும் அவரால்தான்.

விடுமுறையில் வந்து வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்த கட்டடக்கலை மாணவர்கள் ஐவருக்கும் நன்றி. அளப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த என் கணக்கில் கூடத்தின் ஒரு மூலை இரண்டு அங்குலம் பிசகியிருந்ததை அவர்கள் கண்டுபிடித்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். கழிப்பறைகளையும் சரக்கு அறையையும் பின்கட்டில் புதிதாகக் கட்டி, முன்பக்கம் கைவைக்காமல் விடும் யோசனையும் அவர்களுடையதே. பின்கட்டு போனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அது போகாமல் முன்கட்டு நின்றிருக்காது.

மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்துகின்றன. கோட்டைக்கும் கோயிலுக்கும் அது காவல். சாதாரணத் தெருவில் நிற்கும் ஒரு திண்ணை வீட்டுக்கு அப்படியொரு காவல் இல்லை. அதில் வாடகைக்கு இருக்க ஒருவர் முன்வந்தால்தான் அது நிற்கும். ஆகவே, திண்ணையில் ராகியும் சாமையும் தினையும் விற்கும் அம்மையாருக்கும், தையல் கடைத் தம்பிக்கும், கூடத்தில் அலுவலகம் வைத்திருக்கும் தணிக்கையாளருக்கும் நான் பட்ட கடன் பெரிது. தூண்களை மறைக்காமல் ஒரு முழ உயரத்தில் மரப்பலகையில் பெயர் எழுதிக்கொள்ள மூவரும் சம்மதித்தார்கள். பெயர்ப்பலகை சிறிதாக இருந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று எச்சரித்தவர்களுக்கு, "தூண் வச்ச கடை" என்றே ஊரில் அடையாளம் சொல்கிறார்கள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அரைத்த சுண்ணாம்பு இரண்டு தொட்டி அளவுக்கு மீதம் இருக்கிறது. நீர் மூடிக் கிடப்பதால் கெடாது. தளக்கற்களும் கொஞ்சம் இருக்கின்றன. தெருவில் யாராவது தளம் பழுது பார்ப்பதாக இருந்தால் விலை எதுவுமின்றி எடுத்துக்கொள்ளலாம். கொத்தனார் வைகாசிக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

நன்றியுடன்,
பழையபேட்டைத் தூண் வீட்டார் சார்பில்,
மூத்தவன்.