பெயின்ட் பூசிய அனோடும் ‘புதிது போல் உள்ளது’ என்ற குறிப்பும்: படகுத் தள நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

படகுப் பராமரிப்புத் தளத்தின் நிர்வாகத்தினர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் என் படகைக் கரையேற்றியபோது அதன் புரொப்பல்லர் எந்த நிலையில் இருந்தது என்பதை உங்கள் மேற்பார்வையாளர் அருகில் நின்று பார்த்தார். ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் தந்த பராமரிப்புப் படிவங்கள் என் கையில் உள்ளன. இரண்டிலும், படகின் மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காமலிருக்கத் தான் கரைந்து அவற்றைக் காக்கும் உலோகக் கட்டியான அனோடு என்ற வரிக்கு எதிரே ‘புதிது போல் உள்ளது, மாற்றத் தேவையில்லை’ என்று ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இம்மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

துத்தநாக அனோடு ஓராண்டு முழுக்கக் கடல்நீரில் கிடந்த பிறகும் புதிது போல் இருக்கிறதென்றால் அது மகிழ்ச்சிக்குரிய செய்தி அல்ல என்பதை, நாள்தோறும் படகுகளைக் கையாளும் உங்களுக்கு நான் எழுத வேண்டியிருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அது தேய்வதற்காகவே மாட்டப்படும் பொருள். விளிம்பு மழுங்காமல், மேலே ஒரு குழிகூட விழாமல் அது அப்படியே இருந்தால், அது கரைய வேண்டிய இடத்தில் வேறொன்று கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். என் படகில் கரைந்தது புரொப்பல்லர். வெண்கலம் என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் அந்த உலோகத்தில் பெரும்பங்கு செம்பும், அதற்கு அடுத்து ஏறத்தாழ 40 சதவீதம் வரை துத்தநாகமும் இருப்பது உங்களுக்குத் தெரியும். வெளியே கட்டியிருந்த துத்தநாகம் கரைய மறுத்ததால், உள்ளே கலந்திருந்த துத்தநாகம் வெளியேறிவிட்டது. எஞ்சி நின்றது இளஞ்சிவப்பு நிறத்தில், கடற்பஞ்சு போலத் துளைபட்ட செம்பு. சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டிய இதழ், ஈர மரத்தைத் தட்டியது போல மந்தமாக ஒலித்தது.

அந்த இதழின் நுனி உடைந்தது நடுக்கடலில். முதலில் படகு முழுவதும் ஓர் அதிர்வு பரவியது. வலைக் கயிறு ஏதேனும் சுற்றிக்கொண்டதோ என்று எண்ணி எஞ்சினை நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுபடி ஓட்டினால், வேகத்தைச் சற்றே கூட்டினாலும், புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டின் தாங்கியையே பெயர்த்துவிடும் போல உதறியது. பக்கவாட்டில் அலை அடிக்க, கியர் பிடியிலிருந்து கையை எடுக்காமல், நடந்துபோகிறவர் வேகத்தில் ஐந்து மணி நேரம் ஓட்டிக் கரை சேர்ந்தோம். உடன் வந்தவர்களில் ஒருவருக்கு நீந்தத் தெரியாது. அந்த ஐந்து மணி நேரமும் என் சட்டைப் பையில் ‘மாற்றத் தேவையில்லை’ என்ற உங்கள் படிவம் இருந்தது என்பதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

கரையேற்றியதும் அனோடைக் கத்தியால் சுரண்டினேன். முதலில் நீலம் உதிர்ந்தது. அதன் அடியில் சிவப்பு. இந்த ஆண்டு படகின் அடிப்பாகத்துக்கு நீங்கள் அடித்த பாசி தடுப்புப் பெயின்ட் நீலம், சென்ற ஆண்டு அடித்தது சிவப்பு. ஆக, இரண்டு ஆண்டுகளும் யாரோ ஒருவர் உருளையை உருட்டிக்கொண்டே வந்து, அனோடு வந்த இடத்தில் ஒரு நொடியும் தயங்காமல் அதன் மேலும் உருட்டிவிட்டுப் போயிருக்கிறார். அனோடு கரையும்போது எழும் மின்னோட்டமே புரொப்பல்லரைக் காக்கிறது. ஒரு கிலோ துத்தநாகம் முழுவதும் கரைந்தால் கிடைப்பது சுமார் 780 ஆம்பியர்-மணி. அதை ஓராண்டுக்குப் பகிர்ந்தால் 90 மில்லி ஆம்பியர்கூட ஆகாது. அவ்வளவு மெல்லிய மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்த ஒரு பூச்சுப் பெயின்ட்டே போதும். நீங்கள் பெருந்தன்மையோடு இரண்டு பூச்சு அடித்திருக்கிறீர்கள்.

1824-ல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் வேய்ந்திருந்த செப்புத் தகடு அரிக்காமலிருக்க இரும்பையும் துத்தநாகத்தையும் அதனோடு இணைத்துப் பார்த்தார். தகடு அரிப்பது நின்றது. ஆனால் செம்பு கரையாததால் கொட்டலசு என்ற ஓட்டுயிரும் பாசியும் தடையின்றி ஒட்டிக் கப்பலின் வேகம் குறைந்தது, கடற்படையும் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. உங்கள் ஏற்பாடு இதற்கு நேர்மாறானது: அனோடில் ஒரு கொட்டலசுகூட ஒட்டவில்லை, புரொப்பல்லர்தான் பிழைக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்தப் படகையும் தண்ணீரில் இறக்கும் முன், பெயின்ட் படாத வெற்று அனோடையும், அனோடுக்கும் அது காக்க வேண்டிய புரொப்பல்லருக்கும் இடையே மீட்டர் காட்டும் மின்தடை அளவையும் உரிமையாளருக்குக் காட்டி, அவருடைய கையொப்பத்தைப் பெறுங்கள். அந்த அளவு ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் அனோடு புதியதாக இருந்தும் பயனில்லை. இணைப்புக் கம்பியின் முனை துருப்பிடித்திருக்கலாம், அல்லது ஷாஃப்ட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்காமலே வளைய அனோடை அழுக்கின் மேல் பூட்டியிருக்கலாம். சோதிக்க இரண்டு நிமிடம் ஆகும். பெயின்ட் அடிக்கும் முன் அனோடின் மேல் ஒரு காகித நாடாவை ஒட்டிவைக்க அதைவிடக் குறைந்த நேரமே ஆகும்.

சொல்லத் தொடங்கியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சாமான் அறையில் துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம் என மூன்று வகை அனோடுகளும் ஒரே பெட்டியில் பெயர்ச்சீட்டு இல்லாமல் கிடக்கின்றன. ஆற்று நீரில் நிற்கும் படகுக்குத் துத்தநாகத்தை மாட்டினால் அதன் மேல் ஓடு கட்டிச் செயலற்றுப்போகும். கடலில் நிற்கும் படகுக்கு மக்னீசியத்தை மாட்டினால் அது மிக விரைவில் கரைந்து தீர்வதோடு, மரப் படகாயின் பலகையையும் கெடுக்கும். எடுத்த கைக்கு அகப்பட்டதை மாட்டுவதற்கு இவை ஆணிகள் அல்ல. இன்னொன்று: துறையில் கரை மின்சாரம் எடுக்கும் படகுகள் எல்லாம் நில இணைப்புக் கம்பியின் வழியே ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், அந்தக் கம்பி வழியே அரிப்பு மின்னோட்டம் பாயாமல் தனிமைப்படுத்தும் கருவி இல்லாத இடத்தில் என் படகின் செத்த அனோடு செய்ய வேண்டிய வேலையைப் பக்கத்துப் படகின் அனோடு செய்திருக்கும். தன் அனோடு மட்டும் ஏன் இத்தனை சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று அந்த உரிமையாளர் உங்களிடம் கேட்டபோது, மட்டமான சரக்கு வாங்கியிருப்பீர்கள் என்று அவருக்குப் பதில் சொல்லப்பட்டதாம்.

என் கோரிக்கையை விட்டு விலகிவிட்டேன், பொறுத்தருளுங்கள். புதிய புரொப்பல்லருக்கான செலவைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அதற்கு முன்பாக, இறக்கும் முன் வெற்று அனோடைக் காட்டுவது, மீட்டர் அளவைக் காட்டுவது, கையொப்பம் பெறுவது என்ற இந்த நடைமுறையை எழுத்தில் கொண்டுவந்து, படிவத்தில் ‘புதிது போல் உள்ளது’ என்று எழுதும் இடத்தில் எத்தனை பங்கு தேய்ந்திருக்கிறது என்று எழுதச் செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பாதி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். தேயவே இல்லையென்றால் உடனே உரிமையாளரை அழையுங்கள்.

வெள்ளிக்கிழமை என் படகு தண்ணீரில் இறங்குகிறது. நான் வந்து சேரும் வரை அதைத் தூக்கிப் பட்டையில் ஏற்ற வேண்டாம். மீட்டரை நானே கொண்டுவருகிறேன். கழற்றிய பழைய அனோடுகளைப் பழைய இரும்போடு போட்டுவிடாமல் எடுத்து வைத்திருங்கள், அந்த நீலமும் சிவப்பும் உதிராமல்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தில் படகு விட்டிருக்கும் ஒருவர்