கயலுக்கு, நிக்கோபார் புறா பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மழை வந்தால் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடுகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

சிங்கப்பூர் மண்டாய் பறவைப் பூங்காவில் நீ எடுத்து அனுப்பிய நிக்கோபார் புறாப் படங்களைப் பார்த்தோம். "நம்ம தீவுப் பெயர் போட்டிருக்கு, நான் ஒரு நாள்கூட இதைப் பார்த்ததில்லையே அப்பா" என்று கேட்டிருந்தாய். போனில் இவ்வளவையும் தட்டெழுத என் விரலுக்குப் பொறுமை இல்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

நீ எப்படிப் பார்த்திருப்பாய்? நீ வளர்ந்தது போர்ட் பிளேயரில். (ஸ்ரீ விஜயபுரம் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் வருவதில்லை.) அந்தப் புறாவுக்கு ஊர்ச் சந்தடி ஆகாது. நானே கப்பல் வேலைக்குப் போனதால்தான் பார்த்தேன். கார் நிக்கோபார் தீவை விட்டுத் தெற்கே இறங்கினால் சௌரா தீவு வருவதற்கு முன்னால் பட்டி மால்வ் என்று ஒரு தீவு. சுமார் 2 சதுர கிலோமீட்டர் இருக்கும். ஆள் வாசம் கிடையாது. சரணாலயம் என்று அறிவித்துவிட்டதால் யாரும் இறங்கவும் கூடாது. நிக்கோபார் புறா கூட்டமாகக் கூடு கட்டுவது இந்த மாதிரி இடத்தில்தான். மனிதர், பூனை, எலி என்று எந்தத் தொல்லையும் இல்லாத குட்டித் தீவாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். மரக்கிளையில் நாலு குச்சியை ஏனோதானோவென்று அடுக்கி, ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும். கூடு கட்டுகிற விஷயத்தில் புறா இனத்துக்கே கொஞ்சம் சோம்பல் அதிகம்.

ஆனால் அத்தனை புறாவுக்கும் குட்டித் தீவில் சாப்பாடு கிடைக்குமா? கிடைக்காது. காட்டுத் தரையில் உதிர்ந்து கிடக்கும் பழமும் விதையும்தான் அதன் இரை. அதற்குக் கடல் தாண்டிப் பெரிய தீவுக்குப் போக வேண்டும். சாப்பிட ஒரு தீவு, குடும்பம் நடத்த ஒரு தீவு.

அப்படிப் போகிறபோதுதான் எங்கள் கண்ணில் படும். பொழுது சரியாக விடிந்திருக்காது. சுக்கான் பிடித்திருப்பவன்தான் முதலில் பார்த்துக் குரல் கொடுப்பான். நம் ஊர் மாடப்புறா மாதிரி கும்பலாகச் சிதறிப் பறக்காது. ஒன்றின் பின் ஒன்றாக வரிசை பிடித்துப் போகும். அந்த மங்கலில் உடம்பு கறுப்பாகத்தான் தெரியும். நீ படத்தில் பார்த்த பச்சையும் செம்பு மினுக்கமும், கழுத்தைச் சுற்றித் தொங்கும் நீள இறகும் எதுவும் தெரியாது. தெரிவதெல்லாம் வால் மட்டும்தான். குட்டையான, சுண்ணாம்பு வெள்ளை வால். கப்பலுக்குப் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு வைத்திருப்போமே, பின்னால் வருகிற கப்பலுக்கு நாம் எங்கே போகிறோம் என்று தெரிவதற்கு, அதே வேலைதான் அந்த வாலுக்கும் என்கிறார்கள். இருட்டுக் கடலில் முன்னால் போகும் வாலைப் பார்த்தே பின்னால் வருகிறவை வழி தவறாமல் போகுமாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. குஞ்சுகளுக்கு வால் வெள்ளையாக இருக்காது, கறுப்பு. வளர்ந்து முதிர்ந்த பிறகுதான் வெளுக்கும். அதாவது கூட்டத்தை நடத்திப் போகும் அனுபவம் இதற்கு இன்னும் வரவில்லை என்பது மற்றவற்றுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். உன்னைச் சிங்கப்பூருக்கு விமானம் ஏற்றிய அன்று உன் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது என்ன? "கூட யார் போறா?" அதே கேள்விதான்.

டோடோவின் சொந்தக்காரப் பறவை என்று எழுதியிருந்ததாகச் சொன்னாய். உண்மைதான். மொரீஷியஸில் இருந்து அழிந்துபோன டோடோவின் மரபணுவைச் சோதித்து, இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறாதான் என்று 2002-இல் கண்டுபிடித்தார்கள். டச்சுக்காரர்கள் 1598-இல் அங்கே போய் இறங்கினார்கள். அதன்பின் நூறு வருஷம்கூட டோடோ தாங்கவில்லை. டோடோவால் பறக்க முடியாது. நம்முடையது கடலையே தாண்டும். அதனால்தான் சாலமன் தீவுகள், பலாவ் வரைக்கும் பரவிக் கிடக்கிறது. ஆனாலும் கறிக்காகப் பிடித்தார்கள். இரைப்பைக்குள் கொட்டை அரைக்க ஒரு கல் வைத்திருக்கும், அந்தக் கல்லை நகையில் பதிக்க என்று சில இடங்களில் கொன்றார்கள்.

2004 சுனாமியின்போது நீ சின்னப் பிள்ளை. கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனை சுமார் 4 மீட்டர் கீழே இறங்கி, இந்திரா முனைக் கலங்கரை விளக்கமே தண்ணீரில் நின்றது. கரையோரக் காடு உப்புநீரில் செத்தது. அதுவாவது கடல் செய்தது. இப்போது அங்கே கலாத்தியா வளைகுடாவில் பெரிய துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் கட்டப்போகிறார்கள். 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். அதற்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்களாம்! கப்பல்காரன் நான், துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இந்தத் தீவுப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், நீயே அதற்காகத்தானே அங்கே இருக்கிறாய். ஆனால் குட்டித் தீவைச் சரணாலயம் ஆக்கிவிட்டுப் பெரிய தீவில் காட்டை வெட்டினால், அந்தப் புறா இரைக்கு எங்கே போகும்? ஹரியானாவுக்கா?

காட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்றால் லீவு தேதியை முதலில் சொல். நிக்கோபார் பக்கம் போகப் பாஸ் எடுக்க வேண்டும், அது ஒரு அலைச்சல். கப்பல் டிக்கெட்டும் சுலபத்தில் கிடைக்காது, நான்தான் போய் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் வராதே, கார் நிக்கோபார் போவதற்குள் வாந்தி எடுத்துப் படுத்துவிடுவாய். பிப்ரவரி, மார்ச் என்றால் கடல் அடங்கியிருக்கும்.

அப்புறம், அம்மா கொடுத்துவிட்ட கருவாடு கைக்கு வந்ததா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா