கம்பெனி ஃபிரிட்ஜும் நீர்மோரும்

அன்புள்ள முதலாளிக்கு,

பொங்கலுக்குப் போடுகிறேன் என்ற கடிதம் சித்திரை தாண்டி வருகிறது. திட்டுவதை மொத்தமாகச் சேர்த்துவைத்துப் போனில் திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தம்பி சொன்னான், சந்தோஷம். இங்கே அமெரிக்காவில் எல்லாரும் சுகம். எனக்குச் சர்க்கரை மட்டும் நம் ஜியாமெட்ரி சார் மாதிரி பாஸும் போடாமல் ஃபெயிலும் போடாமல் இழுத்தடிக்கிறது.

எழுத உட்கார்ந்ததே உன் மருமகளை, அதாவது என் மகளைப் பற்றி முறையிடத்தான். கம்ப்யூட்டர் படிக்கட்டும் என்று அனுப்பினேன். அவள் கடை போட்டிருக்கிறாள்.

சிரிக்காதே. உன் பரம்பரைத் தொழில் என் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று எனக்கே புரியவில்லை. அவள் கல்லூரியில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கேன்டீன் கிடையாது. நூலகத்தை விட்டு வெளியே வந்தால் காசு போடும் மெஷின்தான் கதி. உள்ளே சிப்ஸ், சாக்லேட், கலர். ஒருநாள் அது காசை விழுங்கிவிட்டுப் பேசாமல் நின்றது. அதில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. அந்தக் கடுப்பில் இவளும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து மேஜை போட்டு வாழைப்பழம், ஆரஞ்சு, ரொட்டி, வீட்டில் வறுத்த கடலை என்று அடக்க விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். உண்டியல் மாதிரி ஒரு டப்பா, காசை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு அட்டை. 'கடையில் ஆளே இல்லாமலா?' என்று நீ அலறுவது இங்கே வரைக்கும் கேட்கிறது.

அப்புறம் ஆபீஸிலிருந்து கடுதாசி வந்தது. சமைத்த உணவுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள், அது நியாயம். ஆனால் குடிக்கிற எதையும் விற்கவே கூடாதாம், ஒப்பந்தம் இருக்கிறதாம். இது அரசுப் பல்கலைக்கழகம். நம் ஊர்த் தகவல் உரிமைச் சட்டம் மாதிரி இங்கேயும் ஒன்று உண்டு. உன் மருமகள் மனுப் போட்டு அந்த ஒப்பந்தத்தையே வாங்கிவிட்டாள். சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சாம்பாருக்குப் பக்கத்தில் அதை வைத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். என் பி.எஃப். பாஸ்புத்தகத்தைக்கூட நான் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

விஷயம் இதுதான். குளிர்பானக் கம்பெனி கல்லூரிக்கு முன்பணம் கொடுக்கும், மைதானத்துக்கு ஸ்கோர்போர்டு வைத்துக் கொடுக்கும், விற்கிற பாட்டிலுக்குக் கமிஷனும் கொடுக்கும். பதிலுக்கு வளாகத்துக்குள் வேறு யார் சரக்கும் நுழையக் கூடாது. மாணவர்கள் விழா நடத்தினாலும் அவன் பாட்டில்தான். 1992-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் பெப்சியோடு 10 வருஷத்துக்கு 1.4 கோடி டாலருக்கு இப்படிக் கையெழுத்துப் போட்டது. அந்தப் பத்தாண்டுகளிலேயே இது நாடு முழுக்கப் பரவிவிட்டது. அரசாங்கம் பணத்தைக் குறைக்கக் குறைக்க, கல்லூரிகள் இந்தக் காசுக்குக் கையேந்துகின்றன. நிர்வாகத்தை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை என்று நான் சொன்னதற்கு, 'அப்பா, நீ யார் பக்கம்?' என்று கேட்டாள்.

வாசிக்க வாசிக்க எனக்கு உன் கடைதான் ஞாபகம் வந்தது. 2017-இல் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் மெரினாவில் உட்கார்ந்தபோது கிளம்பிய பேச்சு, மார்ச் 1 முதல் கோக்கும் பெப்சியும் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் முடிவெடுத்ததில் போய் நின்றதே! நீயும் பொவண்டோவை அடுக்கிவைத்துப் பக்கத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு போட்டோ அனுப்பினாய். மறுநாளே, கங்கைகொண்டானில் உள்ள கோக், பெப்சி ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற மனுக்களை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்துவிட்டது. கோடை முடிவதற்குள் உன் கடையில் கம்பெனி ஃபிரிட்ஜ் பழையபடி ஓடியதை நானும் பார்த்தேன். கேட்டதற்கு நீ சொன்னாய்: "ஃபிரிட்ஜ் அவனது, கரண்டு பில்தான் எனது. வேற பாட்டிலை உள்ளே வைத்தால் சேல்ஸ்மேன் மூஞ்சி சுருங்குது." அதே கதைதான் இங்கேயும். சண்டை ருசியைப் பற்றியதே இல்லை, ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற இடத்தைப் பற்றியது. உனக்குப் புரிந்தது பத்துப் பக்க ஒப்பந்தம் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? விற்கத்தானே கூடாது? பெரிய கேனில் தண்ணீர் நிரப்பி எலுமிச்சையை அரிந்துபோட்டுச் சும்மா கொடுக்கிறார்கள். சித்திரையில் நம் சிவன் கோயில் முக்கில் உன் அப்பா தண்ணீர்ப் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுவாரே, அந்தக் கதையை நான்தான் அவளுக்கு எப்போதோ சொல்லியிருக்கிறேன். மோரும் கொடுக்கலாமா என்று இப்போது யோசிக்கிறாள். கறிவேப்பிலை விலைக்குக் கட்டுப்படியாகாது என்று அவள் அம்மா தடை போட்டிருக்கிறாள்.

பெர்க்லிக்குக் கூட்டிப்போய் ஒரு கடையைக் காட்டினாள். 2009-இல் அந்த வளாகத்துக்குள் பாண்டா எக்ஸ்பிரஸ் என்ற துரித உணவுக் கடை வருவதாக இருந்தது, மாணவர்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். நிறுத்தியதோடு கலைந்து போகாமல், 2010-இல் பான்கிராஃப்ட் வே தெருவில் பெர்க்லி ஸ்டூடண்ட் ஃபுட் கலெக்டிவ் என்று தாங்களே ஒரு கடை திறந்துவிட்டார்கள். உன் கடையில் பாதி இருக்கும். கல்லாவில் மாணவப் பிள்ளைகள்தான். பக்கத்து ஊரில், சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட்டில், 2015-இல் இதே மாதிரிக் குளிர்பான ஒப்பந்தம் வரப்போவது தெரிந்து மாணவர்கள் கிளம்பினார்கள், நிர்வாகமே கைவிட்டது. கிழக்கே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் பீப்பிள்ஸ் மார்க்கெட் 1973-லிருந்து இருக்கிறது. நாம் டிரவுசர் போட்டுத் திரிந்த காலத்துக் கடை!

ஆனாலும் எனக்குப் பயமும் உண்டு. மேரிலாந்தில் இதே மாதிரி ஒரு கூட்டுறவுக் கடை 1975-இல் ஆரம்பித்து, கடன் ஏறி, 2019-இல் மூடிவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிய கடை. கம்பெனிக்காரன் சதி என்று நான் சொல்ல மாட்டேன். மாணவர் கடையில் முதலாளி நாலு வருஷத்துக்கு ஒருமுறை பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். வாழைப்பழம் எத்தனை சீப்பு எடுத்தால் அழுகாமல் தீரும் என்பதை ஒருவன் கற்றுக்கொள்வதற்குள் கான்வொகேஷன் வந்துவிடும். எதிரே மெஷின் லீவு எடுக்காது, பரீட்சை எழுதாது. உன் வீட்டில் தாத்தா அப்பாவுக்குச் சொன்னார், அப்பா உனக்குச் சொன்னார். இவர்கள் யாருக்குச் சொல்வார்கள்? அவள் மார்க் குறைந்ததைவிட, அவள் போன பிறகு அந்த மேஜையை யார் தூக்குவார்கள் என்பதுதான் இப்போது என்னை அரிக்கிறது. உன் தங்கச்சியிடம் இதைச் சொல்லிவிடாதே. அவள் மார்க் பக்கம்.

ஆகவே உனக்கு வேலை. முதலாவது, அழுகுகிற சரக்கை எப்படிக் கணக்கு வைக்கிறாய், எந்த நேரத்தில் விலையைக் குறைப்பாய் என்று புதிதாகக் கல்லாவில் உட்காருகிற பையனுக்குச் சொல்கிற மாதிரி எழுது. அவள் அதை இங்கிலீஷில் எழுதி மேஜை டிராயரில் வைக்கப் போகிறாளாம், அடுத்து வருகிறவர்களுக்கு. இரண்டாவது, உங்கள் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமையை எனக்கே பாடம் எடுத்தவள், சாக்லேட்டுக்குப் பதில் அதை வைக்கலாம் என்கிறாள். இங்கே கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் அதிகம். என்னென்ன போட்டிருக்கிறது என்று இங்கிலீஷில் அச்சடித்த பாக்கெட் கிடைத்தால் மட்டும் அனுப்பு. காசு எவ்வளவு என்று சொல்லு, அக்கா மகன் ஜி-பே பண்ணுவான். 'நண்பனுக்கு இனாம்' என்று ஆரம்பிக்காதே, பரோட்டாக் கடை பாக்கியே இன்னும் தீரவில்லை.

பதிலைப் பேப்பரிலேயே எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், உன் குரலைவிட லாரி ஹார்ன்தான் நன்றாகக் கேட்கிறது.

உன்,
பெஞ்ச் நண்பன்